பதினேழு நாள் காற்று

அத்தியாயம் 11

இயக்குநரின் மேஜைமேல் பதினேழு தாள்கள் வரிசையாகப் பரப்பியிருந்தன. எல்லாம் வட்டத் தாள்கள், உள்ளங்கை அகலம். ஓரத்தில் மட்டும் மெல்லிய வெள்ளை வளையம் ஓடியது. நடுவெல்லாம் கரி.

"பதினேழு அமாவாசையை வெட்டி அடுக்கின மாதிரி இருக்கு சித்தி," என்றான் ஊசி.

சித்தி திரும்பிப் பார்க்கவில்லை. மூக்கில் ஒரு கண்ணாடியும் தலைமேல் ஒரு கண்ணாடியுமாகக் குனிந்து தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருஷம் காவல்துறையில் இருந்துவிட்டு, பிறகு தனியாகத் துப்பறியும் அலுவலகம் போட்டவர். ஊசி அவருடைய அக்கா மகன். வயது முப்பத்திரண்டு. மெலிந்த உடம்புக்கும் குத்தும் வாய்க்கும் சேர்த்து யாரோ வைத்த பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. அந்த வாயால் நான்கு வேலைகள் போன பிறகு ஐந்தாவதாகச் சித்தியிடம் வந்து சேர்ந்திருந்தான்.

"கிண்டலுக்கு நேரமில்ல தம்பி," என்றார் காற்று ஆய்வு நிலையத்தின் இயக்குநர். "இது தேசத்துரோகம்."

விஷயம் இதுதான். நிலையத்தின் மொட்டை மாடியில் ஓர் இயந்திரம் இரவு முழுக்கக் காற்றை உறிஞ்சி ஒரு வெள்ளைத் தாள் வழியாக விடும். காற்றில் உள்ள அழுக்கு தாளில் தங்கும். விடிந்ததும் தாளை எடுத்துக் காயவைத்து எடை போடுவார்கள். எவ்வளவு கனம் கூடியிருக்கிறதோ அவ்வளவு அழுக்கு. அந்த எண்கள்தான் வருஷக் கடைசியில் வெளிநாட்டிலுள்ள ஒப்பீட்டுக் குழுவுக்குப் போகும். எந்த நாட்டுக் காற்று எப்படி, எந்த நாட்டுப் புகை எவ்வளவு என்று குழு பட்டியல் போடும்.

இருபத்தாறு வருஷமாக அந்தத் தாள்களை எடை போட்டவர் மீதுதான் இப்போது பழி. ஊழியர்கள் அவரை எடைக்காரர் என்றே கூப்பிட்டார்கள். யாரோ தங்கள் பெயர் போடாமல் இந்தப் பதினேழு தாள்களையும் ஒப்பீட்டுக் குழுவுக்கு அனுப்பியிருந்தார்கள். கூடவே ஒரு வரிக் கடிதம்: பதிவேட்டைப் பார்க்காதீர்கள், இவற்றை எடை போடுங்கள். குழு எடை போட்டது. பதிவேட்டில் இருந்ததைப்போல நான்கு மடங்கு. எது சரி என்று கேட்டுத் தாள்களைத் திருப்பி அனுப்பிவிட்டது.

"பட்டியல்ல நாம அக்கரை நாட்டைவிட ஒன்பது இடம் மேல இருக்கோம்." இயக்குநர் தன் நாற்காலிக்குப் பின்னால் சட்டம் போட்டு மாட்டியிருந்த பட்டியலைக் காட்டினார். "காத்து சுத்தம். பசுங்குடில் வாயுவும் நாலு வருஷத்துல மூணுல ஒரு பங்கு குறைஞ்சாச்சு. அக்கரைக்காரனுக்கு வயித்தெரிச்சல். நம்ம ஆளையே பிடிச்சு நம்மளைக் கவுக்கப் பாக்குறான்."

"எப்படிக் குறைஞ்சுது?" என்றார் சித்தி.

"கொள்கைதான். தொலைநோக்கு..."

"கண்ணாடித் தொழிற்சாலை என்னாச்சு?"

இயக்குநர் லேசாக இருமினார். "அது ஆத்துக்கு அந்தப் பக்கம் மாறிடுச்சு. புகைபோக்கி எந்த நாட்டுல நிக்குதோ அந்த நாட்டுக் கணக்கு. அதுதான் விதி."

"செய்யற கண்ணாடியெல்லாம் எங்க போகுது?"

ஊசி எழுந்துபோய் இயக்குநர் அறையின் புத்தம்புது ஜன்னல் கண்ணாடியைச் சுண்டினான். கணீர் என்றது. "இங்கதான் வந்திருக்கு சித்தி. புகை அவங்களுக்கு, கண்ணாடி நமக்கு. சண்டை சச்சரவில்லாத பாகப்பிரிவினை."

இயக்குநர் அவனை முறைத்துவிட்டு, ஒரு தாளை இடுக்கியால் புரட்டினார். பின்பக்கம் பென்சிலில் இரண்டு எண்கள் எழுதியிருந்தன.

"முதல் எண் தாளோட வரிசை எண். எல்லாத் தாள்லயும் இருக்கும். ரெண்டாவது எண்தான் விஷயம். இந்தப் பதினேழுல மட்டும் இருக்கு. இருநூத்து நாப்பது. அடுத்தது இருநூத்து முப்பது. அப்புறம் இருநூத்துப் பத்து. கூடும், குறையும். கடைசித் தாள்ல நூத்திப் பத்து. இது எங்க அளவு எதுவும் இல்ல. சங்கேத எண். யாருக்கோ சேதி."

"எழுத்து எடைக்காரரோடதா?"

"அவரோடதுதான். அவரே மறுக்கலையே. மூணு வாரமா வாயே திறக்கல. நிரபராதின்னா பேசணுமா இல்லையா? நாளைக்குப் பத்து மணிக்கு விசாரணை. அதுக்கப்புறம் போலீஸ்."

சித்தி நிமிர்ந்து தலைமேலிருந்த கண்ணாடியை மூக்குக்கும், மூக்கிலிருந்ததைத் தலைக்கும் மாற்றினார்.

"பழைய தாள்கள் இருக்கிற அறையைப் பாக்கலாமா?"

"தாராளமா. அங்க உறைகள்தான் இருக்கு," என்றார் இயக்குநர்.

*

பதிவறைக்குக் காவலாக ஓர் அம்மாள் இருந்தார். கழுத்தில் சாவிக்கொத்து, கையில் பின்னல் ஊசி, மடியில் பாதி முடிந்த காலுறை. சித்தி தேதிகளைச் சொல்லச் சொல்ல, அவர் அலமாரியிலிருந்து பழுப்பு உறைகளை எடுத்து வைத்தார். ஒரு நாளுக்கு ஓர் உறை. உறைமேல் தேதியும் எடையும். உள்ளே அந்த நாளின் தாள்.

"இதையெல்லாம் யாரு பிரிச்சுப் பாப்பாங்க?"

"யாரும் பாக்கமாட்டாங்க. மேல எண் எழுதியிருக்கே, அப்புறம் எதுக்கு?" என்றார் அம்மாள்.

சித்தி முதல் உறையைப் பிரித்தார். உள்ளே இருந்த தாள் வெள்ளையாக இருந்தது. இரண்டாவதும் வெள்ளை. பதினேழும் வெள்ளை.

"ஓரத்தைப் பாருடா."

ஊசி ஒரு தாளை வெளிச்சத்தில் பிடித்தான். ஓரமும் நடுவும் ஒரே மாதிரி இருந்தன. வளையம் இல்லை.

"இயந்திரத்துல தாளை ஒரு வளையம் போட்டு இறுக்குவாங்க," என்றார் சித்தி. "வளையத்துக்கு அடியில அழுக்கு போகாது. கறுப்புத் தாள் பதினேழுலயும் அந்த வெள்ளைத் தடம் இருக்கு. இதுல இல்ல. அப்படின்னா இதுங்க மாடிப்படியே ஏறல. பெட்டியிலேர்ந்து எடுத்து நேரா உறைக்குள்ள போட்டிருக்காங்க."

"உறைமேல இருக்கிற எண்?"

"வேற ஏதோ நல்ல நாளோட எண். பாத்து எழுதினது."

"கையெழுத்து?"

சித்தி உறையை அவன் பக்கம் நீட்டினார். கறுப்புத் தாள்களில் பார்த்த அதே கையெழுத்து. நேர்த்தியான, சின்னச் சின்ன, சாய்வில்லாத எண்கள்.

ஊசிக்கு உற்சாகம் வடிந்தது. எடைக்காரர் நிரபராதி என்று நிரூபிக்கத்தான் அவருடைய மகள் இவர்களைத் தேடி வந்திருந்தாள். 'எங்கப்பா ஆபீஸ்லேர்ந்து ஒரு பென்சில் துண்டுகூட எடுத்துட்டு வந்ததில்ல' என்று சொல்லி அழுதாள். இப்போது பார்த்தால், அந்தப் பென்சிலை வைத்தே பொய் எழுதியிருக்கிறார்.

"அவரு எடை போடுறதை நீங்க பாத்திருக்கீங்களாம்மா?" என்று கேட்டார் சித்தி.

"கதவுக் கண்ணாடி வழியாப் பாத்திருக்கேன். தராசு கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கும். மூச்சு பட்டாக்கூட முள்ளு ஆடும். அதனால எடை போடும்போது மூச்சைப் பிடிச்சுக்குவார். முப்பது எண்ணுற வரைக்கும். புதுசா இந்த வாரம் வந்திருக்கிற ஆள் அதெல்லாம் செய்யறதில்ல." அம்மாள் காலுறையில் ஒரு கண்ணியை இழுத்து இறுக்கினார். "சம்சாரம் போனதுக்கப்புறம் அவரு கதவைச் சாத்திட்டு உள்ளயே உக்காந்திருப்பார். அந்தம்மாவுக்கு மூச்சுக் கோளாறு. பாவம், நாலு மாசம் ஆச்சு."

சித்தி காற்றுத் திசைக் குறிப்பேட்டை வாங்கிப் புரட்டினார். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சின்ன அம்பு. பதினேழு தேதிகளிலும் அம்பு ஒரே பக்கமிருந்து வந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து. போன ஆற்றுக்காற்றுப் பருவத்தின் பதினேழு மோசமான நாட்கள்.

"ஆக, அக்கரைப் புகை வந்த நாளை மட்டும் மாத்திப் போட்டிருக்காங்க," என்றான் ஊசி. "பாஸ்போர்ட் இல்லாம வந்த காத்தைக் கணக்குல சேக்கல. சரி, ரெண்டாவது எண் என்ன? பஸ் நம்பரா? நூத்திப் பத்து எங்க தெரு வழியாத்தான் போகுது."

"நீ அதுல ஏறிப் போயிடேன்," என்றார் சித்தி. ஆனால் சிரிக்கவில்லை.

*

பாலத்து முனையில் நகராட்சி வைத்த பெரிய பலகை ஒன்று உண்டு. இன்றைய காற்று எப்படி என்று காட்டும் பலகை. நல்ல காற்றென்றால் பச்சை. சுமார் என்றால் மஞ்சள். மோசமென்றால் சிவப்பு. அதன் கீழே எடைக்காரரின் மகள் ஒரு துணிப்பையோடு காத்திருந்தாள். வீட்டிலேயே தையல் கடை வைத்திருப்பவள். விரல் நுனியெல்லாம் குத்துத் தழும்பு.

"அப்பா கையெழுத்துல இருக்கிறதெல்லாம் கேட்டீங்களே," என்று பையை நீட்டினாள். நீட்டியவள் சட்டென்று தலையை உயர்த்தி, "அந்தப் பலகை இப்ப என்ன கலர்ல இருக்கு?" என்றாள்.

ஊசி நிமிர்ந்து பார்த்தான். "பச்சை. பச்சைப் பசேல்னு இருக்கு. ஏன், மேயப் போறீங்களா?"

அவள் கோபப்படவில்லை. "நிச்சயமா பச்சைதானே?"

"சந்தேகமா இருந்தா ஏறித் தொட்டுப் பாத்துட்டு வரட்டுமா?"

பையிலிருந்து ஒரு கத்தைக் காகிதம் நழுவி விழுந்தது. ஊசி குனிந்து எடுத்தான். மூன்று வெவ்வேறு கண் மருத்துவர்களின் சீட்டுகள், ஒரு கிளிப்பில். மூன்றிலும் ஒரே வரி: பார்வை சரி, நிறம் அறிவதில் குறையில்லை.

"ரெண்டு கண்ணுக்கு மூணு டாக்டர் கொஞ்சம் அதிகமில்ல?"

அவள் வெடுக்கென்று சீட்டுகளைப் பிடுங்கிக்கொண்டாள். ஊசி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

சித்தி அதற்குள் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்திருந்தார்.

"அது அம்மாவோடது," என்றாள் மகள். "மூச்சு அளக்குறதுக்கு டாக்டர் ஒரு குழாய் குடுத்திருந்தாங்க. தினமும் சாயங்காலம் ஊதிப் பாத்து, எண்ணை எழுதி வைக்கச் சொன்னாங்க. முந்நூறுக்கு மேல இருந்தா நல்லது. அம்மா ஒரு நாள்கூட விட்டதில்ல. அப்பா இதைத் தலையணைக்கு அடியில வச்சிருந்தார். சில நாளுக்கு மட்டும் பென்சில்ல கோடு போட்டிருக்கார். அதான் எடுத்துட்டு வந்தேன்."

சித்தியின் விரல் முதல் கோட்டில் நின்றது. இருநூற்று நாற்பது. அடுத்த கோடு: இருநூற்று முப்பது. அடுத்தது: இருநூற்றுப் பத்து.

ஊசி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். கோடு போடாத நாட்களில் முந்நூற்றுப் பத்து, முந்நூற்று இருபது என்று எழுத்து தைரியமாக இருந்தது. கோடு போட்ட நாட்களில் எண்ணோடு எழுத்தும் மெலிந்தது. பதினேழாவது கோட்டுக்கு நேரே நூற்றுப் பத்து. அதற்கு அடுத்த பக்கம் வெறுமை. அதற்கடுத்ததும்.

சங்கேதமுமில்லை, சேதியுமில்லை. ஒரு பெண் ஊதிய மூச்சு.

"என்ன எண் அது? ஏதாவது கிடைச்சுதா?" என்றாள் மகள்.

சித்தி நோட்டை மூடினார். "அம்மா கடைசியா வெளிய போனது என்னிக்கும்மா?"

"அம்மா போன அன்னிக்குக் காலையிலதான். ஒன்பது மணிக்கு. ஆத்தங்கரை வரைக்கும் நடந்துட்டு வந்தாங்க. சாயங்காலம்..." அவள் பலகையைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். "அப்பாவைக் காப்பாத்திடுவீங்கல்ல?"

"வீட்டுக்குப் போலாம்," என்றார் சித்தி.

*

வீட்டின் முன்னறைதான் தையல் கடை. பின்னறையில், சாத்திய ஜன்னலுக்குப் பக்கத்தில், எடைக்காரர் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் கூராகச் சீவிய பென்சில். சித்தி மகளிடம், "நீ கொஞ்ச நேரம் தைச்சுட்டு இரும்மா. நாங்க பேசிட்டு வரோம்," என்றார். கதவு மூடியது. முன்னறையில் தையல் இயந்திரம் ஓடத் தொடங்கியது.

சித்தி அவருக்கு எதிரே உட்கார்ந்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"இருநூத்து நாப்பது. இருநூத்து முப்பது. இருநூத்துப் பத்து."

எடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். மார்பு அசையாமல் நின்றது. முப்பது எண்ணியிருப்பார்.

"போதும்," என்றார். மூன்று வாரத்தில் அவர் பேசிய முதல் சொல்.

"தாளை அனுப்பினது நீங்கதான்."

"ஆமா."

"மாத்தி எழுதினதும் நீங்கதான்."

"அதுவும் நான்தான்." அவர் குரல் தூசி படிந்த மாதிரி இருந்தது. "ஆத்துக்காத்து அடிக்கிற நாள்ல வர்ற அழுக்கு நம்மது இல்லைன்னு இயக்குநர் சொன்னார். அடுத்த வீட்டுக்காரன் புகைக்கு நாம ஏன் கெட்ட பேர் எடுக்கணும்னு கேட்டார். எனக்கும் அது நியாயமாத்தான் பட்டுது. ரெண்டு நாட்டையும் ஒப்பிடுறதுக்கு ஒரு நோட்டு, அதுல அந்த நாளுக்கு வேற நல்ல நாளோட எண். ஊருக்கு ஒரு நோட்டு, அதுல உள்ளது உள்ளபடி. அப்படித்தான் பேச்சு. நான் ரெண்டும் எழுதினேன்மா. உண்மையான தாளையும் தூக்கிப் போடல. தேதி போட்டு, மெழுகுத்தாள் வச்சு, என் பெட்டியில பத்திரமா வச்சிருந்தேன்."

"பலகைக்கு எந்த நோட்டுலேர்ந்து எண் போச்சு?"

முன்னறையில் இயந்திரம் நின்று, நூல் மாற்றி, மறுபடி ஓடியது.

"நான் கேக்கல. எழுதுறவனே நான், நான் எதுக்குப் பலகையைப் பாக்கணும்? நான் காலையில ஆறு மணிக்கே வேலைக்குக் கிளம்பிடுவேன். எண் போய்ப் பலகை எரியறது எட்டு மணிக்கு. காத்து மோசமா இருக்கிற நாள்ல சிவப்பு எரியும், அவ வீட்டுல இருந்துக்குவான்னு நிம்மதியா உக்காந்து எடை போட்டேன்." நோட்டை நோக்கிக் கை நீட்டினார், தொடவில்லை. "அவ போன பத்தாம் நாள் இதை எடுத்துப் பாத்தேன். என் நோட்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தேன். எந்த நாளெல்லாம் நான் காத்து நல்லாயிருக்குன்னு எழுதினேனோ, அந்த நாளெல்லாம் அவ மூச்சு இறங்கியிருக்கு. பதினேழுல ஒண்ணுகூடத் தப்பல. பலகைக்கும் அந்தப் பொய் நோட்டுதான் போயிருக்கு. நாட்டையும் நாட்டையும் ஒப்பிட்டுட்டு இருந்தேன். இந்த ரெண்டு நோட்டை ஒப்பிட எனக்குத் தோணல."

"பேர் போடாம ஏன் அனுப்பினீங்க?"

"எண் திருந்தணும். ஆனா அவளுக்குத் தெரியக்கூடாது." கதவுப் பக்கம் தலையசைத்தார்.

"நாளைக்கு இதைச் சொன்னாத் துரோகிங்கிற பழி போயிடும்," என்றார் சித்தி. "இயக்குநரும் பதில் சொல்லியாகணும். சொல்லலைன்னா ஜெயில்."

"போறேன். துரோகின்னு ஊரே சொல்லட்டும், அவ நம்பமாட்டா." எடைக்காரர் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "இதைச் சொன்னா நம்பிடுவா. உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்மா. எனக்கு மிச்சம் இருக்கிறது அவ ஒருத்திதான்."

சித்தி நோட்டைத் தன் மடியில் வைத்து, இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார். தலைமேல் கண்ணாடி இருப்பதை மறந்துவிட்டு மேஜைமேல் தேடினார். ஊசிக்குத் தெரியும்: சித்தி ஒரு வழக்கைக் கைவிடும்போது இப்படித்தான் எதையாவது தேடுவார்.

அவனுக்கோ வேறு ஏதோ உறுத்திக்கொண்டிருந்தது. உள்ளே வரும்போது பார்த்தது. தையல் கடையின் சுவர் நெடுக நூல் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு துண்டுக் காகிதம். சிவப்பு. பச்சை. அடர்பச்சை. இளம்பச்சை.

"ஐயா," என்றான். "நூல் பெட்டியிலெல்லாம் கலர் பேர் எழுதி ஒட்டியிருக்கே, அது எப்பலேர்ந்து?"

"என்ன பேரு?"

"சிவப்பு நூல் மேல சிவப்புன்னு. பச்சை மேல பச்சைன்னு."

"தெரியல. நான் அந்த அறையில உக்கார்றதில்ல இப்பல்லாம்." எடைக்காரருக்குப் புரியவில்லை. "எதுக்கு ஒட்டணும்? ஆறு வயசுலேர்ந்து நூல் பொறுக்குறவ. இருட்டுல குடுத்தாக்கூட நிறம் சொல்லுவா."

"உங்க சம்சாரம் வெளிய போகலாமா வேண்டாமான்னு யாரு பலகையைப் பாத்துட்டு வந்து சொல்லுவாங்க?"

"அவதான். காலையில பாலத்து முனை வரைக்கும் போய்ப் பாத்துட்டு..."

எடைக்காரர் நிறுத்திக்கொண்டார்.

"மூணு கண் டாக்டர்கிட்ட போயிருக்காங்க ஐயா," என்றான் ஊசி. அவனுக்கே தன் குரல் வேறு யாருடையதோ போலக் கேட்டது. "மூணு பேரும் கண்ணு நல்லா இருக்குன்னுதான் எழுதிக் குடுத்திருக்காங்க. அவங்க நம்பல. இன்னிக்கு என்னைக் கூப்பிட்டு, அந்தப் பலகை பச்சைதானான்னு ரெண்டு தடவை கேட்டாங்க. நான் கிண்டல் பண்ணினேன். அன்னிக்குச் சிவப்பைத்தான் பச்சைன்னு பாத்துட்டோம்னு நினைச்சுட்டு இருக்காங்க. அம்மாவை அனுப்பி வச்சது தன் கண்ணுதான்னு."

இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது.

சித்தி ஊசியைப் பார்த்தார். பிறகு நோட்டை மெதுவாக எடைக்காரரின் பக்கம் தள்ளினார். "முடிவு உங்களோடதுதான்."

எடைக்காரர் மறுபடி மூச்சைப் பிடித்தார். இந்த முறை முப்பது வரை தாக்குப்பிடிக்க முடியவில்லை. நடுவில் உடைந்து, அழுகையாக வெளியே வந்தது. சட்டைப் பையிலிருந்த பென்சிலை எடுத்து மேஜைமேல் வைத்தார். நோட்டை எடுத்துக்கொண்டு எழுந்து கதவைத் திறந்தார்.

இயந்திரம் நின்றது.

ஊசி உட்கார்ந்த இடத்திலிருந்து அவருடைய முதுகு மட்டும்தான் தெரிந்தது.

"பாப்பா."

"அப்பா! பேசிட்டீங்களா? மூணு வாரமா எவ்ளோ..."

"நீ பாத்தது பச்சைதான் பாப்பா."

"என்ன?"

"அம்மா போன அன்னிக்கு. பலகை பச்சையாத்தான் இருந்துது. உன் கண்ணுல ஒரு குறையும் இல்ல. சிவப்பா எரிஞ்சிருக்க வேண்டியது. நான்தான் மாத்தி எழுதினேன்."

பிறகு அவர் மெல்லிய குரலில் எல்லாவற்றையும் சொன்னார். இரண்டு நோட்டு, ஆற்றுக்காற்று, பதினேழு தாள். வரிசையாக, ஒன்றையும் விடாமல், தராசு முள்ளைப் படிக்கிறவர் மாதிரி சொன்னார்.

"அப்ப நான் அனுப்பலையா அம்மாவை?" என்றது மகளின் குரல். கேட்கும்போதே அது சின்னப் பெண்ணின் குரலாகிவிட்டிருந்தது.

"இல்ல."

அவள் அழுதாள். சித்தி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊசி தன் செருப்பு வாரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த அழுகையில் நான்கு மாதம் இறங்குவதும், வேறு ஏதோ ஏறுவதும் இருவருக்குமே கேட்டது.

கடைசியில் அவள் சொன்னாள்: "நாளைக்குப் பத்து மணிக்கு இதை அங்கயும் இப்படியே சொல்லுங்க. நானும் வரேன். அம்மா நோட்டை நான் கொண்டு வரேன்." கொஞ்ச நேரம் கழித்து: "இப்ப நீங்க உள்ள போங்கப்பா. உங்களை இப்ப என்னால பாக்க முடியல."

எடைக்காரர் திரும்பி வந்து ஜன்னல் பக்க நாற்காலியில் உட்கார்ந்தார். முகத்தில் அடிபட்ட வலியும், பாரம் இறங்கிய களைப்பும் ஒன்றாக இருந்தன.

முன்னறை வழியாக வெளியேறும்போது, மகள் ஸ்டூலில் ஏறி நின்று நூல் பெட்டிகளின் காகிதங்களை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருந்தாள். இவர்களை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

*

பாலத்து முனைக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. காற்று ஆற்றுப் பக்கமிருந்து வந்தது. போன பருவம் முடிந்து, இந்த வாரம்தான் திரும்பியிருக்கிறது. அக்கரையில் கண்ணாடித் தொழிற்சாலையின் புகைபோக்கி, ஆற்றைத் தாண்டி இந்தப் பக்கமே சாய்ந்து புகைந்துகொண்டிருந்தது. பல்லுக்கு இடையில் மணல் மாதிரி ஏதோ நறநறத்தது.

பலகை பச்சையாக எரிந்தது.

"ஏதாவது சொல்லேன்டா," என்றார் சித்தி. "நீ இப்படி வாயை மூடிட்டு வந்தா எனக்குப் பயமா இருக்கு."

ஊசி பல்லில் நறநறத்ததைத் துப்பிவிட்டு நடந்தான்.

பலகைக்குக் கீழே, நடைக்குப் போகும் செருப்புப் போட்ட ஓர் அம்மா நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும். ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பலகையை அண்ணாந்து பார்த்தார். பார்த்துத் திருப்தியாகி, ஆற்றங்கரைப் பாதையில் இறங்கத் திரும்பினார்.

ஊசி அவர் முன்னால் போய் நின்றான்.

"இன்னிக்கு நடக்க வேண்டாம்மா. வீட்டுக்குப் போயிடுங்க."

"ஏன் தம்பி? பச்சையாத்தானே இருக்கு?"

எந்தக் கேள்விக்கும் எதிர்க்கேள்வி வைத்திருப்பவன், கொஞ்ச நேரம் அந்த வெளிச்சத்தைப் பார்த்தான். பிறகு கைக்குட்டையை உதறி அவரிடம் நீட்டினான்.

"மூக்கை மூடிக்குங்க. உங்க வீடு எந்தத் தெருன்னு சொல்லுங்க, நான் கூட வரேன்."